ஐயம் என்னும் இரண்டாம் உறுப்பு

வேதாந்த மரபில் ஒரு விசாரணை நிறைவுபெற ஐந்து உறுப்புகள் வேண்டும். அதிகரணம் என்று பெயர்பெற்ற இந்த அமைப்பில், எடுத்துக்கொண்ட பொருளாகிய விடயம் முதலில் நிற்கும். அப்பொருளைப் பற்றி எழும் ஐயம் அடுத்து வரும். அந்த ஐயத்திற்கு மாற்றுத் தரப்பார் சொல்லும் விடையாகிய பூர்வபக்கமும், அதைச் சீர்தூக்கிய பின் நிறுவப்படும் முடிவாகிய சித்தாந்தமும் தொடரும். முன்னும் பின்னும் உள்ள விசாரணைகளோடு இது பொருந்துமாற்றைக் காட்டும் சங்கதி எஞ்சியது. பிரம்மசூத்திரத்துக்கு உரை கண்டவர்கள் இந்த ஐந்தையும் கொண்டே ஒவ்வொரு பகுதியையும் நடத்திச் சென்றார்கள்; தமிழில் சிவஞானபோதத்தின் 12 சூத்திரங்களும் அதிகரணங்களாகப் பகுக்கப்பட்டே பயிலப்பட்டு வந்துள்ளன. இன்று முனைவர் பட்டத்துக்குப் பதிவுசெய்யும் மாணவர் ஒருவரை, பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்குழு முதல் ஆண்டிலேயே கேட்கும் கேள்வி இந்த ஐந்தில் இரண்டாவதைக் குறித்தது. ஆனால் மாணவர் பெரும்பாலும் முதலாவதை மட்டுமே கையில் வைத்துக்கொண்டு அந்த அறைக்குள் போகிறார்.

துறைகளின் தாழ்வாரங்களில் வழங்கும் சொற்களே இதைக் காட்டிக்கொடுக்கின்றன. 'தலைப்பு முடிவாயிற்றா', 'கைடு தலைப்பு கொடுத்துவிட்டாரா' என்றுதான் ஆய்வாளர்கள் ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்கிறார்கள். 'உன் ஐயம் என்ன' என்று கேட்பவர் அரிது. தலைப்பு என்பது விடயத்தின் பெயர். ஓர் ஆசிரியரின் நாவல்களையோ ஒரு வட்டாரத்தின் சடங்குகளையோ ஒரு மடத்தின் தமிழ்ப்பணியையோ சுட்டுவதோடு அதன் வேலை முடிந்துவிடும். அந்தப் பெயருக்குள் விடை தெரியாத ஒன்று இருக்கிறதா என்பதைத் தலைப்பு சொல்வதில்லை. இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைத் திரட்டித் தரும் சோத்கங்கா தளத்தில் தமிழ்த்துறை ஆய்வேடுகளின் பெயர்களை வரிசையாகப் படித்துக்கொண்டே போனால், ஓர் ஆசிரியரின் பெயரை எடுத்துவிட்டு வேறோர் ஆசிரியரின் பெயரை வைத்தாலும் குலையாத தலைப்புகள் எத்தனையோ கண்ணில் படும். அவற்றை எழுதியவர்கள் உழைக்காதவர்கள் அல்லர். 3 ஆண்டு முதல் 6 ஆண்டு வரை பல்கலைக்கழக மானியக்குழு விதித்திருக்கும் காலத்தை, அட்டவணை போட்டு, மேற்கோள் திரட்டி, இயல் இயலாகப் பிரித்து நேர்மையாகச் செலவிட்டவர்கள்; உழைப்பு போய்ச் சேர ஓர் ஐயம் மட்டும் அவர்களுக்கு வாய்க்காமல் போயிற்று.

ஐயத்தையும் அறியாமையையும் ஒன்றாகக் கொள்வதே இந்தக் குறைக்கு வேர். இலக்கண உரைகளும் தருக்க நூல்களும் இவ்விரண்டையும் பிரித்துக் காட்ட அந்திப்பொழுதில் தூரத்தே தெரியும் ஓர் உருவத்தை எடுத்துக்காட்டாகத் தருகின்றன. அங்கே ஏதோ இருக்கிறது என்பது தெரிந்து, அது நட்ட கட்டையா நிற்கும் ஆளா என்று மனம் இரண்டு பக்கமும் ஊசலாடும்போதுதான் ஐயம் பிறக்கிறது. அந்தப் பக்கமே பாராதவருக்கு இருப்பது அறியாமை. அவரிடம் ஐயம் இல்லை. ஆகவே ஐயத்துக்கு மூன்று வேண்டும்: உருவத்தைக் கண்டிருக்க வேண்டும், கட்டை ஆள் என்னும் இரண்டும் பழக்கத்தில் தெரிந்திருக்க வேண்டும், அருகே சென்றால் எதைக் கொண்டு தீர்க்கலாம் என்பதற்கு ஓர் அடையாளமும் வேண்டும், அசைந்தால் ஆள், பறவை வந்து அமர்ந்தால் கட்டை. ஆய்வு முன்வரைவுகளில் 'இப்பொருள் குறித்து இதுவரை யாரும் ஆராயவில்லை' என்று எழுதப்படும் வாக்கியம் அறியாமையை அறிவிக்கிறதே தவிர ஐயத்தை அறிவிக்கவில்லை. யாரும் ஆராயாத பொருள்கள் உலகில் எண்ணற்றவை; அவற்றுள் பல ஆராயப்படாமலே இருக்கத் தக்கவை.

இந்த வேறுபாட்டைப் பாடமுறையிலேயே வைத்திருந்த ஓர் இடம் காரைக்குடியை அடுத்த கோவிலூர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் முத்துராமலிங்க ஆண்டவரால் தோற்றம்பெற்ற கோவிலூர் மடம், கொற்றவாளீசுவரர் கோவிலை ஒட்டி வளர்ந்து, வேதாந்தத்தைத் தமிழ் நூல்களின் வழியாகவே கற்பிக்கும் மரபை நிலைநிறுத்தியது. வடமொழி அறியாதவரும் அத்வைதத்தை முறையாகப் பயிலும்படி ஞானவாசிட்டம், பிரபோதசந்திரோதயம் முதலான நூல்கள் அங்கே பாடமாயின; அவற்றுள் மிகப் பரவலாக அறியப்பட்டது தாண்டவராய சுவாமிகளின் கைவல்லிய நவநீதம். அந்த நூல் இரண்டு படலங்களால் ஆனது. முதலாவது தத்துவ விளக்கம். இரண்டாவது சந்தேகந் தெளிதல். கொள்கையைச் சொல்லும் முதற்படலத்தை விட, கொள்கையைக் கேட்டு முடித்த மாணவன் எழுப்பும் ஐயங்களுக்கான இரண்டாம் படலம் நீளமானது. ஒரு தத்துவ நூல் தன் சரிபாதிக்கு மேற்பட்ட இடத்தை மாணவனின் கேள்விக்கு ஒதுக்கியிருப்பது தமிழ்க் கல்வி வரலாற்றில் கவனிக்கத்தக்க செய்தி. மாணவன் கேட்கும் கேள்விகளும் முதல் நாளில் வருபவை அல்ல. பாடத்தை முழுதும் உள்வாங்கி, அதில் ஓரிடம் மற்றோரிடத்தோடு ஒட்டவில்லை என்று கண்டுகொண்ட பிறகு வருபவை. கேட்டல் முந்தியது, சிந்தித்தல் பிந்தியது என்று சிரவண மனனங்களை மரபு வரிசைப்படுத்தியதன் காரணம் இதுவே. படிப்பதற்கு முன்பே ஆய்வுச் சிக்கலைத் தேர்ந்துவிட வேண்டும் என்று அவசரப்படுத்தும் இன்றைய நடைமுறை இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டது.

கோவிலூர் அமைந்திருக்கும் செட்டிநாட்டு மண்ணையே ஆய்வுக்களமாகக் கொண்ட இருவரைப் பார்த்தால், ஒரே விடயம் வெவ்வேறு ஐயங்களால் எப்படி வெவ்வேறு பொருளாகிறது என்பது விளங்கும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காகச் செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தாரை ஆராய்ந்த டேவிட் ரட்னர், அந்த ஆய்வை வளர்த்து 1994இல் காலனிய இந்தியாவில் சாதியும் முதலாளியமும் என்னும் பொருளில் நூலாக்கினார். சாதி என்பது பழமையின் எச்சம், வணிகம் வளர வளர அது தேய்ந்துபோகும் என்ற எண்ணம் சமூக அறிவியலில் வலுவாக இருந்தது; நகரத்தாரோ சாதிக்கட்டும் கோவில்கட்டும் சற்றும் தளராமல் இலங்கை, பர்மா, மலேயா வரை கடன்வணிகத்தை விரித்திருந்தார்கள். இவ்விரண்டும் ஒருங்கே உண்மையாக இருக்க முடியுமா என்பதுதான் அவருடைய ஐயம். அந்த ஐயத்தோடு பார்க்கும்போது, 17ஆம் நூற்றாண்டில் உப்பு வணிகத்துக்காகப் பழனிக்குச் சென்ற நகரத்தார் முருகனுக்குக் காணிக்கை செலுத்தியதைப் பதிந்துவைத்த செப்பேடுகள் பக்தியின் ஆவணமாக மட்டும் நிற்கவில்லை. கொடை கொடுத்தவனுக்கு ஊரில் நம்பிக்கை பிறப்பதும், நம்பிக்கை பிறந்தவனிடம் பணம் சேர்வதும் ஒரே ஓட்டத்தின் இரு கரைகளாகத் தெரிந்தன. லாபத்தில் ஒரு பங்கைத் தெய்வத்துக்கு ஒதுக்கும் மகமை என்னும் வழக்கம் கணக்கேட்டில் ஒரு பற்றாக எழுதப்படும் சிறு வரிதான். ஐயம் இல்லாதவர் கண்ணில் அது படாது.

ஜப்பானிய மானிடவியலாளர் யூகோ நிஷிமுரா அதே நகரத்தார் சமூகத்தில் வேறொன்றைக் கேட்டார். 1998இல் வெளியான அவருடைய நூல் பெண், உறவுமுறை, சொத்துரிமை ஆகியவற்றைப் பற்றியது. சொத்து ஆண்வழியில் இறங்கும் ஒரு சமூகத்தில், மகளுக்குச் சீராகப் போகும் பாத்திரமும் வைரமும் பணமும் யாருடையவை, அவை அவள் கையில் என்ன வகை அதிகாரமாகின்றன என்பது அவருடைய விசாரணை. செட்டிநாட்டு வீட்டின் இரண்டாங்கட்டில் அடுக்கிவைக்கப்பட்ட எவர்சில்வர் குடங்களும் பித்தளை அண்டாக்களும் வருவோர்க்கெல்லாம் காட்சிப்பொருள். கல்யாணத்தின்போது எழுதிவைக்கப்படும் சாமான் பட்டியலில் கரண்டி வரை எண்ணிக்கை இருக்கும். அந்தப் பட்டியலை ஆவணமாகப் படிக்கலாம் என்று தோன்றுவதற்கு, சீர் என்பது தந்தையின் பெருமையா மகளின் பங்கா என்று மனம் ஊசலாடியிருக்க வேண்டும். ரட்னரின் கேள்வியால் நிஷிமுராவின் பட்டியல் திறந்திராது. நிஷிமுராவின் கேள்வியால் செப்பேடும் திறந்திராது. 'நகரத்தார்: ஓர் ஆய்வு' என்று இருவரும் தொடங்கியிருந்தால் இரண்டும் ஒரே புத்தகமாக, இரண்டும் இல்லாத புத்தகமாக முடிந்திருக்கும்.

கோவிலூரைப் பற்றியே ஒருவர் ஆய்வுசெய்ய விரும்புவதாகக் கொள்வோம். 'கோவிலூர் மடத்தின் தமிழ்ப்பணி' என்ற தலைப்பு உடனே வந்து நிற்கும். தோற்றமும் வளர்ச்சியும், மடாதிபதிகள் வரலாறு, பதிப்பித்த நூல்கள், கல்விப்பணி, முடிவுரை என்று ஐந்து இயல்களும் தாமே அமைந்துவிடும். இதில் பிழை ஒன்றும் இல்லை. தீர்க்க வேண்டியதும் ஒன்றும் இல்லை. ஆனால் இந்த மண்ணை அறிந்தவருக்கு உறுத்த வேண்டிய ஓர் இடம் இதற்குள்ளேயே இருக்கிறது. நகரத்தார் சைவர்கள், இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி உள்ளிட்ட ஒன்பது நகரக்கோவில்களைச் சார்ந்தே அவர்களுடைய பிரிவுகளும் திருமண உறவும் அமைந்துள்ளன. ஆண்கள் பாதரக்குடி மடத்திலும் பெண்கள் துலாவூர் மடத்திலும் உபதேசம் பெறுவது குலமரபு. இவை சைவ மடங்கள். சைவசித்தாந்தம் உயிரும் இறையும் வேறுவேறு பொருள் என்று கொள்வது. வேதாந்தமோ முடிவில் இரண்டில்லை என்று சொல்வது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்த இரு தரப்பும் மேடையிலும் அச்சிலும் கடுமையாக மோதிக்கொண்டன. சூளை சோமசுந்தர நாயகரின் கண்டனங்கள் அந்தக் காலத்தைச் சேர்ந்தவை. அப்படியிருக்க, குலகுருவைச் சைவ மடத்தில் வைத்திருக்கும் ஒரு வணிகச் சமூகம், அதே வட்டாரத்தில் ஒரு வேதாந்த மடத்தையும் தாங்கி, தன் பிள்ளைகளையே அதன் தலைவர்களாக அனுப்பியது எவ்வாறு நிகழ்ந்தது? கட்டையா ஆளா என்ற நிலை இங்கே வந்துவிட்டது.

இரண்டு விடைகளை எதிரெதிரே நிறுத்தலாம். முதலாவது, வணிக வாழ்க்கையே வேதாந்தத்துக்கு இடம் கொடுத்தது என்பது. கொண்டுவிற்கப் போதல் என்று செட்டிநாட்டில் வழங்கிய கடல்கடந்த வட்டித்தொழிலுக்குச் சென்றவர் மூன்றாண்டுக் கணக்குக்கு ஒருமுறையே ஊர் திரும்புவார். தீட்சை பெற்றவர்க்குரிய நாட்கடமைகளைக் கடையின் பெட்டியடியில் உட்கார்ந்துகொண்டு முழுதாகக் கைக்கொள்வது எளிதன்று. ஒரு நூலைக் கையில் வைத்துக்கொண்டு படித்தும் சிந்தித்தும் முன்னேறலாம் என்னும் வழி அத்தகையவருக்குப் பொருந்தியிருக்கும். இரண்டாவது விடை, கொள்கைக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பது. கோவிலுக்கும் குளத்துக்கும் பாடசாலைக்கும் கொடுத்துப் பழகிய கை, அருகில் இருந்த ஒரு துறவியின் மடத்துக்கும் கொடுத்தது. சித்தாந்தமா வேதாந்தமா என்ற வழக்கு புலவர்களுடையது, கொடையாளருடையது அன்று.

முதல் விடை கவர்ச்சியானது; அதனாலேயே அதை முதலில் சோதிக்க வேண்டும். மடத்தின் தொடக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி. கீழ்ப்பர்மாவை ஆங்கிலேயர் கைப்பற்றியது 1852இல். சூயஸ் கால்வாய் திறந்து அரிசி ஏற்றுமதி பெருகியது 1869க்குப் பிறகு. கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நகரத்தார் கைக்கு வந்திருந்த நிலம் 1930இல் ஏறத்தாழ 6 விழுக்காடாக இருந்து 1937 வாக்கில் 25 விழுக்காடானது. இலங்கைக்கும் மலாக்கா நீரிணைப் பகுதிக்கும் அதற்கு முன்பே போக்குவரத்து தொடங்கிவிட்டதென்றாலும், மடம் வேரூன்றிய காலம் பெரும் கடல்வணிகத்துக்கு முந்தியதாகவே தெரிகிறது. காரணம் காரியத்துக்குப் பின்னால் வர முடியாது. ஆகவே முதல் விடையை மடத்தின் தோற்றத்துக்குச் சொல்வதை விட்டு, அதன் பரவலுக்கு மட்டும் சொல்லிப் பார்க்கலாம். அப்போது கேள்வி சுருங்குகிறது, சுருங்கியதனாலேயே கையில் பிடிபடுகிறது.

அதைத் தீர்க்கும் அடையாளம் எங்கே கிடைக்கும் என்பது அடுத்தது. அக்காலத் தமிழ் அச்சுநூலின் முகப்பேடு ஒரு சிறு ஆவணக்களஞ்சியம். நூற்பெயருக்குக் கீழே மூலமும் உரையும் யாருடையவை என்பதும், எந்த ஊர் இன்னார் கேட்டுக்கொண்டபடி, எந்த மடத்து இன்னாரால் பார்வையிடப்பட்டு, எவருடைய பொருளுதவியால், எந்த அச்சுக்கூடத்தில், எந்தத் தமிழாண்டு எந்த மாதம் பதிப்பிக்கப்பட்டது என்பதும் ஒரே நீண்ட வாக்கியமாக இறங்கிக்கொண்டே வரும். அடுத்த ஏடுகளில் சாற்றுக்கவி பாடியவர்களின் பெயரும் ஊரும் இருக்கும். வேதாந்த நூல்களின் முகப்பேடுகளை மட்டும் ஆண்டு வரிசையில் அடுக்கினால், பொருளுதவி செய்தவர்கள் எந்த ஊரார், அவருள் கடல்கடந்து தொழில் நடத்தியவர் எத்தனை பேர், அதே பெயர்கள் சைவசித்தாந்த நூல்களின் முகப்பேட்டிலும் வருகின்றனவா என்று பார்க்கலாம். இரண்டிலும் அதே பெயர்கள் வந்தால் இரண்டாம் விடை வலுப்பெறும். பிரிந்து நின்றால் முதல் விடைக்கு உயிர் உண்டு. இதற்குப் பெயர்தான் ஆய்வுச் சிக்கல். விடை எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அது ஆய்வாளரின் விருப்பத்தைச் சாராமல் சாய வேண்டும்.

பூர்வபக்கம் என்னும் மூன்றாம் உறுப்பு இங்கே நுழைகிறது. ஆய்வேடுகளில் 'முன்னாய்வுகள்' என்ற தலைப்பின்கீழ் நூற்பெயர்களும் ஆண்டுகளும் அடுக்கப்படுகின்றன. ஆனால் மாற்றுத் தரப்பை அதன் முழு வலிமையோடு எடுத்துச் சொல்வதே பூர்வபக்கம். க. கைலாசபதி பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் தாம்சனிடம் செய்த முனைவர் பட்ட ஆய்வு, தமிழ் வீரநிலைக் கவிதை என்னும் பொருளில் 1968இல் ஆங்கிலத்தில் நூலாயிற்று. சங்கப்பாடல்களைப் புலவர்கள் எழுதிய செய்யுள் என்றே கொண்டுவந்த நிலையில், அடைகளும் தொடர்களும் திரும்பத் திரும்ப வருவதைக் காட்டி, அவை வாய்மொழி மரபில் பிறந்தவை என்று அவர் வாதிட்டார். ஹோமரின் காவியங்களில் மில்மன் பாரியும் ஆல்பர்ட் லார்டும் கண்ட முறை அதற்குத் துணைநின்றது. பின்வந்தவர் பலர் அந்த முடிவை அப்படியே ஏற்கவில்லை. ஜார்ஜ் ஹார்ட், பாணரின் வாய்மொழி மரபை முன்மாதிரியாகக் கொண்டு எழுத்தறிந்த புலவர்கள் பாடியவை என்ற நிலைக்கு வந்தார். முடிவு மறுக்கப்பட்ட பிறகும் அந்த நூல் இன்றுவரை படிக்கப்படுகிறது, ஏனெனில் அது எழுப்பிய ஐயத்தை மறுப்பவரும் விட்டுவிட முடியவில்லை. மறுக்க முடியாத ஆய்வேட்டைத் தேடும் மாணவர்க்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

இன்னும் ஒன்று உண்டு. வேதாந்த நூல்கள் தம் தொடக்கத்திலேயே இந்நூலுக்கு உரியவர் யார் என்று சொல்லிவிடும். அவரை அதிகாரி என்பார்கள். இங்கே அதிகாரம் என்பது தகுதி. ஒரு நல்ல சிக்கல் எல்லாருக்கும் நல்ல சிக்கலாகிவிடாது. மேற்சொன்ன கோவிலூர்க் கேள்வியை எடுப்பவருக்குத் தமிழ் எண்களும், ஆண்டு மாதம் தேதி ஆகியவற்றுக்கான பழைய குறியீடுகளும் சரளமாகப் படிக்க வர வேண்டும். பிள்ளையார் சுழியிட்டுத் தொடங்கும் கணக்கேட்டில் பேரேடு எது, குறிப்பு எது, ஐந்தொகை எது என்று தெரிய வேண்டும். வேதாந்தச் சொல்லையும் சித்தாந்தச் சொல்லையும் பிரித்தறியும் அளவுக்கு இரண்டையும் பாடம் கேட்டிருக்க வேண்டும். அறைவீட்டைத் திறந்து பெட்டகத்திலிருப்பதைக் காட்டும்படி ஒரு பெரிய வீட்டு ஆச்சியிடம் கேட்கத்தக்க பொறுமையும் பணிவும் வேண்டும். அவர் இல்லை என்று சொன்னால் அடுத்த திருவிழாவுக்கு ஊர் கூடும்வரை காத்திருக்கும் கால அவகாசமும் வேண்டும். பகுதிநேரமாகப் பதிவுசெய்து, தனியார் கல்லூரியில் வாரம் முழுதும் வகுப்பெடுத்து, வீட்டில் சிறு குழந்தையும் உள்ள ஓர் ஆய்வாளருக்கு அந்த அவகாசம் இல்லை; அவர் தமக்கு எட்டும் சான்றுகளைக் கொண்டு வேறொரு கேள்வியைத் தேர்வது குறைவான செயல் ஆகாது. நெறியாளர் கொடுத்த தலைப்பை வாங்கிக்கொள்ளும் மாணவர்களைக் குறைசொல்வோர் இந்த நெருக்கடிகளை எண்ணிப் பார்ப்பதில்லை.

அறிவியல் கூடங்களில் நிலைமை வேறு. காரைக்குடியிலேயே அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அடித்தளமாக அமைய 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில், துருவோ மின்கலமோ பற்றிய கேள்வி கருவியோடும் திட்டநிதியோடும் சேர்ந்தே மாணவரிடம் வரும். அங்கே தேர்வு என்பது ஒரு பெருங்கேள்வியில் தமக்குரிய துண்டைப் பிரித்துக்கொள்வது. மொழி, வரலாறு, சமயம் பயில்வோருக்கு அந்த வசதி இல்லாததால், சான்றுகள் எங்கே உள்ளன என்ற அறிவே அவர்களுடைய ஆய்வுக்கூடம். காரைக்குடிக்கு அருகிலுள்ள கோட்டையூரில் ரோஜா முத்தையா புத்தகங்களோடு துண்டறிக்கை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று கண்ணில் பட்ட அச்சுத்தாளையெல்லாம் சேர்த்தார்; 1992இல் அவர் மறைந்த பின் அத்தொகுப்பு சிகாகோ பல்கலைக்கழகத்தின் துணையால் சென்னையில் 1994 முதல் ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. எதிர்காலத்தில் எவர் என்ன கேட்பார் என்று தெரியாமலே, கேட்பவர்க்கு அடையாளம் கிடைக்கட்டும் என்று ஒருவர் சேர்த்துவைத்த செல்வம் அது.

எல்லாம் அப்படிக் காக்கப்படவில்லை. பாகம் பிரிந்த பெரிய வீடுகள் இடிக்கப்படும்போது தேக்குத் தூண்களும் பீங்கான் கோப்பைகளும் பெல்ஜியம் கண்ணாடிகளும் காரைக்குடி முனீசுவரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு வந்து விலைபோகின்றன. கணக்கேடுகளுக்கு அந்தச் சந்தையில் அவ்வளவு மதிப்பில்லை. ஆனால் கோவிலூர்க் கேள்வியை எடுத்துக்கொண்ட ஆய்வாளர் தேட வேண்டியது தூணையன்று. ஏதேனும் ஒரு வணிக விலாசத்தின் பழைய பேரேட்டில் மகமைப் பற்று எழுதிய பக்கத்தைத்தான். அந்தப் பக்கத்தில் பாதரக்குடி, துலாவூர், கோவிலூர் என்னும் மூன்று பெயர்களுள் எவை எழுதப்பட்டுள்ளன, கோவிலூர் எந்த ஆண்டிலிருந்து வருகிறது, ரங்கூன் கடைக் கணக்கில் வருகிறதா ஊர்க் கணக்கில் வருகிறதா என்பதை அவர் முதலில் பார்ப்பார்.